வண்டிக்குப் பின்னால நின்ன குச்சி

போன ஐப்பசியில இருந்து ஒரு விசயம் மனசுல உறுத்திக்கிட்டே கெடக்குது. ஆருகிட்டயாவது சொன்னா "ஒரு வீடியோ கேமுக்கா இத்தன ரோசன"ன்னு சிரிச்சுப்போடுவாங்கன்னு சொல்லாமயே வெச்சிருந்தேன். அதான் இங்க எழுதி வெச்சர்லாம்னு உக்காந்துட்டேன்.

தீவாளிக்கு சிங்கப்பூர்ல இருந்து வந்த மச்சினன் பாப்பாவுக்கு ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் கொண்டாந்து குடுத்தான், கூடவே மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ங்கற வண்டி ரேஸு கேமு. 2017ல வந்த கேம்தான், பழசுதான், ஆனா இன்னிக்கு வரைக்கும் வீட்டுல நாலு பேரு ஒட்டுக்கா உக்காந்து வெளையாட அத அடிச்சுக்க ஆளு இல்லைங்கறது என்ர கட்சி. பாப்பாவுக்கு ஒம்போது வயசு, ஒரே வாரத்துல என்னயத் தூக்கிச் சாப்பட ஆரம்பிச்சுட்டா. இதுல கதை எங்கப்பாவோடது. எங்கப்பா சங்ககிரியில லாரி டிரைவரு, 31 வருசம் லைன் வண்டி ஓட்டுனவரு, கண்ணுல பொறை வந்து ஆப்பரேசன் பண்ணுனதுல இருந்து ஸ்டீரிங்கத் தொடுறதில்ல. காத்தால பேப்பரு, சாயந்தரம் திண்ணை, நடுவுல கட்டல்ல படுத்துக்கிட்டு பேன் சுத்தறதப் பாக்கறது, அவ்ளோதான் அவரு நாளு. ஒருநாள் பாப்பா வெளையாடறத அரைமணி நேரம் பாத்துட்டு, "அம்முணி, அந்த இத இங்க குடு"ன்னு கைய நீட்டுனாரு.

வண்டி தேர்ந்தெடுக்கறதுலயே அவரு டிரைவருன்னு தெரிஞ்சு போச்சு. இந்தக் கேம்ல கனமான ஆளு எடுத்தா பிக்கப் கொறைவு, ஆனா டாப் ஸ்பீடு சாஸ்தி, சின்ன வண்டிகள இடிச்சுத் தள்ளவும் செய்யும். இத ஆரும் சொல்லாமயே டாங்கி காங்குங்கற கொரங்கக் காட்டி "இவரு நம்ம நாமக்கல்லாரு மாதிரி இருக்காரு, இவரே இருக்கட்டும், லோடு வண்டி"ன்னுட்டாரு. அன்னிக்கு இருந்து அந்தக் கொரங்குக்கு எங்கூட்டுல நாமக்கல்லாருன்னுதான் பேரு.

ஆனா ஓட்டுனாரு பாருங்க, லாரி ஓட்டற மாதிரியே ஓட்டுனாரு. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கு. மூ மூ மெடோஸ்னு ஒரு டிராக்கு, பச்சைப் பசேல்னு புல்லு, அதுல மாடுக ரோட்டு மேல நடந்துக்கிட்டு இருக்கும், எல்லாரும் ஒடிச்சு வளைச்சு போயிருவாங்க, இவரு மாட்டுக்கு முன்னால வண்டிய நிறுத்தி ஹார்ன் அடிப்பாரு. வழியில பொறுக்கற பொருள் எதும் கையில இல்லாதப்ப எல் பட்டன அமுத்துனா ஹார்ன் அடிக்கும்ங்கறதே எனக்கு அவரு சொல்லித்தான் தெரியும், நான் வருசக்கணக்கா மச்சினன் வீட்டுல இந்தக் கேம் ஆடியிருக்கேன், ஒருக்காகூட ஹார்ன் அடிச்சதில்ல. சூப்பர் ஹார்ன்னு ஒரு பொருள் இருக்குது, மொத எடத்துல போறவனத் தேடி வந்து அடிக்கற நீல ஆமை ஓட்டையே அது ஒடச்சுப்போடும்னு சொன்னப்ப ரெம்ப சந்தோசம், "பின்ன, சும்மாவா எழுதி வெச்சிருக்கறான் ஒலி எழுப்புன்னு." வாழப்பழத் தோல வண்டிக்குப் பின்னால புடிச்சுக்கிட்டே போனா வர்ற செவப்பு ஆமை ஓட்ட அது தாங்கிக்கும், அதுக்கு அவரு சொன்னது, "எலுமிச்சங்காயி மொளகா கட்டற மாதிரி, திருஷ்டிக்கு."

அவருக்குப் புடிபடாத விசயம் டிரிஃப்ட்டு. வளைவுல ஆர் பட்டன அமுத்தி வண்டிய சறுக்க வுடோணும், டயருல நீலப்பொறி வரும், இன்னும் புடிச்சா ஆரஞ்சு, அப்பறம் ஊதா, வுட்டா வண்டி சுர்ருன்னு பாயும். வேகத்த சிசி கணக்குலதான் பிரிச்சிருக்கான், 50 சிசில இருந்து 150 சிசி வரைக்கும் பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டு ஓட்டலாம், டிரிஃப்ட்டு மட்டும் தெரிஞ்சா போதும். எங்கப்பா கேட்டுட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாரு. "வளைவுல வேகங் கொறைக்காம சறுக்கிக்கிட்டு போனவன எல்லாம் நாங்க அடுத்த நாளு ஆசுபத்திரில போயித்தான் பாப்போம்." அப்பறம் இன்னொண்ணும் கேட்டாரு, "முன்னால போறவன் கை காட்டாம எப்பிடிடா முந்தறது?" மலை ரோட்டுல ஏறியிருக்கறவங்களுக்குத் தெரியும், முன்னால போற லாரிக்காரரு ரோடு காலியா இருந்தா சன்னல் வழியா கைய வெளிய நீட்டி வா வான்னு காட்டுவாரு, அப்பத்தான் முந்துவோம். இங்க ஆரும் கை காட்டறதில்லீங்ப்பா, அவங்கவங்க பாட்டுக்கு போறதுதான்னேன். "அப்ப இது ரோடே இல்ல"ன்னாரு.

நெதமும் கடைசி எடந்தான். 12 வண்டியில 12ஆவது. மொத எடத்துக்கு 15 பாயிண்டு, கடைசிக்கு 1. ஒரு கப்புக்கு நாலு ரேஸு, நாலும் ஓடி முடிச்சா எங்கப்பா பேருக்கு நேரா 4 நிக்கும். அதுல வேற பள்ளத்துல வுழுவாரு, லாக்கிட்டுன்னு ஒருத்தன் வந்து தூக்கியாந்து ரோட்டுல வுடுவான், மறுக்காவும் வுழுவாரு. பாப்பா வுழுந்து வுழுந்து சிரிப்பா. அவரும் சிரிப்பாரு. ஆனா எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பப் பாக்கப் பொறுக்கல. 31 வருசத்துல ஒரு ஆக்சிடெண்டு இல்லாத மனுசன்.

அதனால ஒரு வேல பண்ணுனேன். வண்டி தேர்ந்தெடுக்கற எடத்துல பிளஸ் பட்டன அமுத்துனா உள்ள ஸ்மார்ட் ஸ்டீரிங்னு ஒண்ணு இருக்குது, அத ஆன் பண்ணுனா வண்டி ரோட்ட வுட்டு வெளிய போகாது, வெளிம்புக்குப் போறப்பவே அதுவா உள்ள இழுத்துக்கும். சின்னக் கொழந்தைகளுக்குன்னு வெச்சது. கூடவே ஆட்டோ ஆக்சிலரேட்டு, பட்டன அமுத்தாமயே வண்டி ஓடும். ரெண்டையும் ஆன் பண்ணிவுட்டேன். சொல்லல. கட்டை வெரலு வலிக்குதுன்னு அவரு ஒருக்கா சொல்லியிருந்தாரு, அதுக்குத்தானேன்னு நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அடுத்த நாளே ஏழாவது வந்தாரு. அப்பறம் ஆறு, அஞ்சு. ஒருநாள் மூணாவது வந்து டாங்கி காங்கு மேடையில நின்னுச்சு, எங்கப்பா அவரோட பழைய சினேகிதருக்குப் போன் போட்டு "டிவியில ரேஸு, மூணாவது வந்திருக்கறேன்"னு சொல்லறாரு. நான் சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். "நல்லா ஓட்டறீங்ப்பா"ன்னு சொல்லவும் செஞ்சேன். ஒருக்கா இல்ல, அஞ்சாறு தடவ.

இந்த ஸ்மார்ட் ஸ்டீரிங்குக்கு ஒரு வெலை உண்டு, வெளையாடறவங்களுக்குத் தெரியும். அது ஆன்ல இருந்தா அந்த ஊதாப்பொறி வராது, ஆரஞ்சோட சரி. புல்லுக்குள்ள பூந்து போற குறுக்கு வழி எதுலயும் வுடாது. எங்கப்பா இதக் கவனிச்சுட்டாரு. "பாப்பா அந்தச் சந்துல பூந்து போறா, என்ர வண்டி திரும்ப மாட்டேங்குதே"ன்னு ரெண்டு மூணு தடவ கேட்டாரு. கனமான வண்டிங்ப்பா, திரும்பாதுன்னு சொல்லி சமாளிச்சேன். லாரி டிரைவருகிட்ட கனமான வண்டி திரும்பாதுன்னு சொன்ன மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

பால்காரரு வந்த அன்னிக்கு

ஞாயித்துக்கெழம சாயந்தரம். வீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்தா, நானும் அப்பாவும் பாப்பாவும் மட்டும். மூ மூ மெடோஸ்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 50 சிசி, ரெண்டாவது ரவுண்டு. வாசல்ல பால்காரரு மணி அடிச்சாரு. நான் எந்திரிக்கறதுக்குள்ள எங்கப்பா கண்ட்ரோலர கட்டல்ல வெச்சுட்டு, போசி எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. பால்காரருகிட்ட ரெண்டு வார்த்த, மாட்டுக்கு என்னாச்சு, தவிட்டு வெல என்னாச்சு. திரும்பி வந்து போசிய வெச்சுட்டு டிவியப் பாத்தாரு. டாங்கி காங்கு ஓடிக்கிட்டு இருக்குது. வளைவு வருது, வளையுது. மாடு வருது, ஹார்ன் இல்ல ஒண்ணும் இல்ல, பக்கத்துல தள்ளிக்கிட்டு போவுது. கண்ட்ரோலரு கட்டல்ல போர்வை மேல மல்லாக்கக் கெடக்குது.

அவரு உக்காரல. நின்னுக்கிட்டே மூணாவது ரவுண்டு முழுசும் பாத்தாரு. நான் எதாவது சொல்லியிருக்கலாம், எட்டி எடுத்து அமுத்தியிருக்கலாம், கை வரல. நாமக்கல்லாரு ஆரும் ஓட்டாம போயி எட்டாவது எடத்துல கோட்டத் தாண்டுனாரு, 5 பாயிண்டு. எங்கப்பா என்னைய வுட்டுட்டு பாப்பாவக் கேட்டாரு, "அம்முணி, என்ர வண்டிக்குப் பின்னால மட்டும் ஒரு குச்சி நிக்குதே, அது என்ன?" ஸ்மார்ட் ஸ்டீரிங் ஆன்ல இருந்தா வண்டிக்குப் பின்னால சின்னதா ஒரு ஆண்டெனா நிக்கும். நாங்க நாளெல்லாம் பாத்தும் பாக்காத மாதிரி இருந்த அத, கண்ணு ஆப்பரேசன் பண்ணுன மனுசன் என்னிக்கோ பாத்து வெச்சிருக்கறாரு. பாப்பாவுக்கு என்ன தெரியும், "அது வுழுகாம இருக்கறதுக்கு அப்பாரு, அப்பா போட்டு வுட்டாரு"ன்னுட்டா.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பேன் சத்தம் மட்டும். அப்பறம் மெதுவா கேட்டாரு, "ஏண்டா, அந்த டிவிஎஸ்ஸும் இப்பிடித்தானா?"

இத வெளக்கியே ஆகோணும். ஆப்பரேசனுக்கு அப்பறமும் எங்கப்பா டிவிஎஸ் எக்ஸெல்ல எடுத்துக்கிட்டு தோட்டத்துப் பக்கம் போவாரு. பைபாஸ் குறுக்க தாண்டிப் போகோணும். எனக்குப் பயம். வேண்டாம்னு சொல்ல வாயி வரல, அதனால கார்புரேட்டருல வேல இருக்குதுன்னு சொல்லி வண்டியக் கொண்டுபோயி தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்புல போட்டுட்டு, இன்னிக்கு ஆவும் நாளைக்கு ஆவும்னு நாலு மாசமா இழுத்துக்கிட்டு இருந்தேன். வண்டியில ஒரு வேலையும் இல்ல. லாரி எஞ்சினையே நடுரோட்டுல பிரிச்சுக் கோத்த மனுசன் எக்ஸெல் கார்புரேட்டருக்கு நாலு மாசம்னா நம்புவாராங்கறத நான் ரோசிக்கவே இல்ல. அவரு நம்பல. நம்பாமயேதான் நாலு மாசம் "ஆச்சாடா", "ஆச்சாடா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கறாரு.

"ஆமாங்ப்பா"ன்னேன்.

சரின்னு தலைய ஆட்டிட்டு பால காச்சப் போயிட்டாரு. அதுக்கப்பறம் ரெண்டு வாரம் கண்ட்ரோலரத் தொடல. கோவமா பேசியிருந்தாக்கூட தேவல. சாப்பாடு, பேப்பரு, திண்ணை, எல்லாம் எப்பவும் போலத்தான்.

கிளீனரு

அந்த ரெண்டு வாரமும் எனக்குள்ள ஒரு வாதம். கெட்ட எண்ணத்துல பண்ணுலயே. அந்தக் கேம் பண்ணுனவங்களே டீலக்ஸ்ல அத மொதல்லயே ஆன் பண்ணித்தான் வெச்சிருக்கறாங்க, வேண்டாங்கறவந்தான் போயி ஆஃப் பண்ணிக்கோணும், கேம் வந்த அன்னிக்கே ஆஃப் பண்ணுனதும் நாந்தான். கொழந்தையும் பெரியவரும் ஒரே ரேஸுல ஓடோணும்னா இப்பிடி எதாவது வேண்டாமா. பின்னால இருக்கறவனுக்கு நட்சத்திரம், புல்லட்டுன்னு நல்ல பொருளா வரும், மொத எடத்துல இருக்கறவனுக்கு காயினும் வாழப்பழத் தோலும்தான் சாஸ்தி வரும், அதும் ஒரு ஒத்தாசதான். அத ஆரும் தப்பா நெனைக்கறதில்லயே, எல்லாரு கண்ணுக்கும் தெரிஞ்சு நடக்குது. இது ஏன் இப்பிடிக் குத்துச்சு?

எங்கப்பாவே ஒரு பழைய கதையில இதுக்குப் பதில் சொல்லியிருக்கறாரு, எனக்குத்தான் லேட்டா ஒறைச்சுது. சத்தியமங்கலத்துல இருந்து மைசூரு போற ரோட்டுல பண்ணாரி தாண்டுனதும் திம்பம் ஏறும், 27 கொண்டை ஊசி வளைவு. பண்ணாரியில நிறுத்தி புத்துமண்ணு பூசிக்கிட்டுத்தான் ஏறுவாங்களாம். லோடு வண்டியில ஒரே ஒடிப்புல திரும்பாத வளைவு உண்டு, கொஞ்சம் பின்னால எடுத்து மறுக்காவும் ஒடிக்கோணும், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒண்ணுமில்ல. அப்ப கிளீனரு கட்டையக் கையில வெச்சுக்கிட்டு கீழ எறங்கிருவான். வா, வா, வா, ஓல்டேய். பின் டயருக்குக் கட்டை போடு. ரைட்டு, போலாம். வண்டியத் தட்டுவான், ஒரு தட்டுன்னா நில்லு, ரெண்டு தட்டுன்னா போ. டிரைவருக்கு எத்தன அனுபவம் இருந்தாலும் அந்த வளைவுல கிளீனரு சொல்லறதத்தான் கேக்கோணும், ஆனா ஸ்டீரிங்கு டிரைவரு கையிலதான். கேக்காமயும் போலாம். போயி மாட்டிக்கிட்டா அது டிரைவரு தப்பு. கிளீனரு எவனும் டிரைவருக்குத் தெரியாம டாஷ்போர்டுக்கு அடியில பூந்து ஸ்டீரிங்கப் புடிக்க மாட்டான். நான் புடிச்சிருக்கேன். புடிச்சுக்கிட்டே நல்லா ஓட்டறீங்ப்பான்னும் சொல்லியிருக்கேன்.

மொதல் வேலையா டிவிஎஸ்ஸ எடுத்தாந்து வாசல்ல நிறுத்துனேன். சாவியக் குடுத்தேன். "பைபாஸ்தாங்ப்பா பயமா இருக்குது, மத்தபடி போயிட்டு வாங்க"ன்னேன். சொல்லறதுக்கு எத்தன ஈசியா இருந்துச்சு, இதச் சொல்ல நாலு மாசம். சாவிய வாங்கிப் பாத்துட்டு, "எனக்கும்தான் பயமா இருக்குது"ன்னாரு. இப்ப ரேசன் கடைக்கும் டீக்கடைக்கும் போறாரு, பைபாஸுப் பக்கம் போறதில்ல, அதும் வெளிச்சம் இருக்கறப்பத்தான்.

கேமுக்கு அவரத் திருப்பிக் கூட்டியாந்தது நானில்ல, பாப்பா. பேட்டில் மோடுல ஆளு பத்தலன்னு இழுத்துக்கிட்டு வந்தா. பலூன் ஒடைக்கற சண்டை அவருக்குப் புடிக்கல, "சும்மா போறவன எதுக்கு அடிக்கறது"ன்னாரு. ஆனா ரெனகேட் ரவுண்டப்புன்னு ஒண்ணு இருக்குதுங்க, ஒரு கட்சி தலைக்கு மேல சைரன் வெச்சுக்கிட்டு தொரத்தும், இன்னொரு கட்சி தப்பிச்சு ஓடோணும், மாட்டுனா கூண்டுல அடச்சிருவாங்க, கூட்டாளி வந்து கூண்டுக்கு அடியில இருக்கற பட்டன மிதிச்சா வெளிய வந்தர்லாம். எங்கப்பா கண்ணு மின்னுச்சு. "ஆர்டிஓ!" சோளக்காட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி மூலைக்கு மூலை ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடுனாரு. பாப்பா மாட்டிக்கிட்டா பறந்து வந்து தெறந்து வுடுவாரு. அதுக்கு முன்னால பிளஸ் பட்டன அமுத்தி அவரு கையாலயே ஆண்டெனாவ எடுத்து வுட்டுட்டாரு. வுழுந்தாரு, எந்திரிச்சாரு. பாப்பாவோட வண்டிக்கும் பெரிய டிராக்குல மட்டும் ஆண்டெனா வேணும், அவளே ஆன் பண்ணிக்குவா, "எனக்கு இது பயம் அப்பாரு"ன்னு சொல்லிட்டுத்தான்.

அப்பறம் வந்துச்சு 200 சிசி. இந்தக் கேம்ல நானு பெரிய வீரன்னு நெனச்சுக்கிட்டு இருந்தவன், 200 சிசில ஒவ்வொரு வளைவுலயும் பள்ளத்துக்குள்ள போயிட்டு இருந்தேன். ஏன்னா அதுல மட்டும் டிரிஃப்ட்டு பத்தாது, பிரேக்கப் புடிச்சே ஆகோணும், நான் இத்தன வருசமா பிரேக்கு பட்டனுக்கு வெரலு கொண்டுபோனதே இல்ல. எங்கப்பா கட்டல்ல சாஞ்சுக்கிட்டு பாத்தாரு, மூணு தடவ வுழுந்தேன், நாலாவது தடவ அவருக்குத் தாங்கல. "புடிடா! இப்பப் புடி! வுடு. ஒடி, ஒடி, ஒடி, ரைட்டு!" கட்டலுச் சட்டத்துல தட்டறாரு, ஒரு தட்டு, ரெண்டு தட்டு. வளைவுக்குள்ள போயி பிரேக்கு புடிக்கக் கூடாது, வளைவுக்கு முன்னாலயே புடிச்சு முடிச்சிருக்கோணும்ங்கறாரு, அது திம்பத்துக்கும் சரி, இதுக்கும் சரி. அன்னிக்கு ஆறாவது வந்தேன், ஒருக்கா மட்டும் வுழுந்து. அவரு பேச்சக் கேக்காம போன வளைவுல.

பேயி

இப்ப அவரு காத்தால தனியா உக்காந்து டைம் டிரையல் ஓட்டறாரு. அதுல மத்த வண்டி கெடையாது, ஓடு எறியறவன் கெடையாது, வண்டி சட்டுன்னு பாயறதுக்கு மொதல்லயே மூணு காளான் குடுத்துருவான், ரோடும் நீயும் கடியாரமும்தான். "இப்பத்தான் இது ரோடு"ன்னாரு. அவருக்குப் புடிச்சது மவுண்ட் வாரியோ. மத்த டிராக்கு மாதிரி மூணு ரவுண்டு சுத்தறது இல்ல அது, விமானத்துல இருந்து குதிச்சு பனிமலை உச்சியில எறங்குனா அடிவாரம் வரைக்கும் ஒரே எறக்கம், அணை, காடு, பனிச்சரிவுன்னு. நல்லா ஓட்டறவங்க ரெண்டு நிமிசத்துக்குள்ள எறங்கிருவாங்க. எங்கப்பாவோட டைமு மூணு நிமிசத்துக்கு மேல. ஆனா வுழுகாம எறங்கியிருக்கறாரு, ஒரு எடத்துலகூட.

நான் டைம் டிரையல் பக்கமே போனதில்ல, அதனால அந்த லிஸ்டுல இருக்கறது அவரு டைமு மட்டும்தான். பெஸ்ட் டைம கேமே ஒரு கோஸ்ட்டா சேத்து வெச்சுக்கும், அடுத்த தடவ ஓடறப்ப கண்ணாடி மாதிரி அந்த வண்டி கூடவே ஓடி வரும். கோஸ்ட்டுன்னா என்னன்னு கேட்டாரு, பேயிங்ப்பான்னேன். "உசுரோட இருக்கறப்பவே பேயாக்கிப்போட்டயா"ன்னு சிரிச்சாரு.

போன வாரம் ராத்திரி, அவரு தூங்குனதுக்கப்பறம் மவுண்ட் வாரியோவ எடுத்து அந்தக் கோஸ்ட்டோட ஓடுனேன். டாங்கி காங்கு மங்கலா முன்னால போறாரு. எங்கெங்க பிரேக்கு புடிச்சாரோ அங்கங்க நிக்கறாரு. குகைக்குள்ள, அணைக்கு முன்னால, காட்டுக்குள்ள நொழையற எடத்துல. வளைவுக்கு முன்னாலயே புடிச்சு முடிச்சு, மெதுவா ஒடிச்சு, அப்பறம் வுடறாரு. எனக்கு அவரத் தாண்டிப் போறது ஒரு காரியமே இல்ல, ஒரு காளான் போட்டாப் போதும், மூணும் கையில இருக்குது. தூக்கம் வராம பாப்பா எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்தா. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏம்ப்பா அப்பாரு பின்னாலயே போயிட்டு இருக்க, ஓவர்டேக் பண்ணு"ன்னா.

"அவரு இன்னும் கை காட்டுல கண்ணு"ன்னேன்.